கண்டு வருதலும் கலந்து பயிலுதலும்

அயல்நாட்டுக்குச் செல்லும் மாணவர் அங்குள்ள கோபுரங்களையும் அரண்மனைகளையும் கண்டு மீள்வது மட்டும் போதுமா? அந்நாட்டு மாணவரோடு ஒருங்கு அமர்ந்து ஒரு பணியைச் செய்து முடிக்கவும் வேண்டுமா? பள்ளிகள் தம் மாணவரைப் பிற நாட்டுக்கு அனுப்பும் இக்காலத்தில் இவ்வினா எண்ணிப் பார்க்கத் தக்கது. விடை காண விழைவோர் பிரான்சு, ஜெர்மனி ஆகிய இரு நாடுகளின் வரலாற்றை நோக்குதல் நலம்.

அண்டை நாடுகளாகிய இவை 1870ஆம் ஆண்டிற்கும் 1945ஆம் ஆண்டிற்கும் இடையே மும்முறை பெரும்போர் புரிந்தன. ரைன் ஆற்றங்கரையில் உள்ள ஸ்திராஸ்பூர்க் நகரம் 1871இல் ஜெர்மனிக்கு உரியதாயிற்று. 1918இல் பிரான்சுக்கு மீண்டது. 1940இல் மறுபடியும் ஜெர்மனியின் கைப்பட்டது. 1944இல் திரும்பவும் பிரான்சைச் சேர்ந்தது. அந்நகரில் பிறந்து நெடுநாள் வாழ்ந்த முதியவர் ஒருவர், தம் ஊர் நான்கு முறை நாடு மாறக் கண்டிருப்பார்.

தலைமுறை தலைமுறையாக வளர்ந்த இப்பகையை மாற்றும் பொருட்டு, 1963 ஜனவரி 22ஆம் நாள் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் டி காலும் ஜெர்மானியத் தலைமை அமைச்சர் அடெனாவரும் பாரிசு நகரில் உடன்படிக்கை ஒன்றில் கையொப்பமிட்டனர். தலைவர் இருவர் கையொப்பமிட்ட அளவில் மக்கள் உள்ளத்துப் பகை மறைந்துவிடுமா? மறையாது. ஆதலின், இளைஞர் ஒருவரையொருவர் சந்தித்துப் பழகுவதற்கும் அவ்வுடன்படிக்கையில் வழி வகுக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலைத் திங்களில் இதற்கென இரு நாட்டுக்கும் பொதுவான அலுவலகம் ஒன்று நிறுவப்பெற்றது. அதன் துணையால் இதுவரை 90 இலட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இத்தகைய சந்திப்புகளில் கலந்துகொண்டுள்ளனர்.

பள்ளிப் பரிமாற்றத்தில் ஒரு நாட்டு மாணவர் மற்ற நாட்டு மாணவரின் இல்லத்தில் தங்கி, அவர்தம் குடும்பத்தாருடன் உண்டு உறவாடுவர். பின்னர் அவர்களைத் தம் இல்லத்திற்கு வரவேற்பர். பயிலரங்கில் இரு நாட்டு மாணவரும் இருவர் இருவராக இணைவர். பாதி நேரம் ஒருவர் மொழியிலும், பாதி நேரம் மற்றவர் மொழியிலும் பணி நடைபெறும். ஒருவர் ஒரு பொழுது ஆசிரியர். மறு பொழுது மாணவர். பிறர் மொழியில் பிழைபடப் பேசி நாணுவதும், நாணுபவரைக் கண்டு நகையாது திருத்துவதும் ஆங்கே இருவரும் கற்கும் பாடங்கள்.

"மொழி நிரம்பாத சிறுவர் கூடி என்ன பணி செய்துவிடப் போகின்றனர்? சில நாட்களே தங்குவோர், காண வேண்டிய இடங்களைக் கண்டால் போதாதா?" என்பர் சிலர். அவர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். ஓர் இடம் எல்லார்க்கும் ஒன்றையே உரைப்பதில்லை. பிரான்சில் உள்ள வெர்தூன் என்னும் ஊரில் 1916இல் மாதக் கணக்கில் நடந்த போரில் இரு தரப்பிலும் ஏறத்தாழ மூன்று இலட்சம் வீரர் மாண்டனர். அவர்களுள் இன்னார் என்று அறிய இயலாத ஏறத்தாழ 1,30,000 பேரின் எலும்புகள் ஆங்கு ஒரு மண்டபத்தில் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளன. ஆயத்தமின்றி அங்குச் செல்லும் மாணவன் தன் நாட்டார் மடிந்ததை மட்டுமே எண்ணுவான். பழைய சினம் புதுப்பிக்கப்பெறவும் கூடும். போர்க்களத்திலிருந்து வீரர் தம் வீட்டுக்கு எழுதிய கடிதங்களை முதல் நாள் இருவரும் சேர்ந்து மொழிபெயர்க்கட்டும். மகனுக்காக ஏங்கிய தாய் இரு நாட்டிலும் இருந்தாள் என்பதை உணர்ந்த பின்னர் அவர்கள் அம்மண்டபத்தில் நிற்கும் நிலை வேறாகும்.

"அவ்வாறாயின் பயிலரங்கே போதும், ஊர் காணல் வெறும் பொழுதுபோக்கு" என்பதும் பொருந்தாது. ரீம்ஸ் நகரத்துப் பேராலயம் 1914இல் ஜெர்மானியக் குண்டுகளால் சிதைந்தது. அதே ஆலயத்தில் 2011இல் ஜெர்மானிய ஓவியர் ஒருவர் அமைத்த வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் பொருத்தப்பெற்றன. இச்செய்தியை ஏட்டில் படிப்பது எளிது. ஆனால், அச்சாளரத்தின் வழியே வரும் ஒளியில் நிற்பவர்க்கே, மனிதர் உடைத்ததை மனிதரே ஒட்டவும் வல்லர் என்பது உள்ளத்தில் பதியும். கல்வி கண்ணுக்குப் பொருள் தருகின்றது. காட்சி கல்விக்கு உயிர் தருகின்றது.

இவ்வாறு கலந்து பழகிய இளைஞர் சாதித்தது என்ன? 2003இல் பெர்லின் நகரில் இரு நாட்டு மாணவரும் கூடிய இளைஞர் மன்றம், இரு நாட்டுக்கும் பொதுவான வரலாற்று நூல் ஒன்று வேண்டும் என்று கேட்டது. 2006இல் அந்நூலின் ஒரு பகுதி இரு மொழிகளிலும் வெளிவந்தது. எல்லாப் பள்ளிகளும் அதனை ஏற்கவில்லை என்பது உண்மையே. எனினும், ஒருவரையொருவர் பகைவர் எனப் படித்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரே வரலாற்றை விரும்பிக் கேட்டனர் என்பது சிறிய செய்தியன்று.

அயல்நாட்டைக் கண்டு வந்தவன் படங்களைக் கொண்டு வருவான். அந்நாட்டாரோடு கலந்து பயின்று வந்தவன் நண்பனைப் பெற்று வருவான். படங்கள் நாளடைவில் மங்கும். நட்போ, நாடுகள் பிணங்கும் நாளில் நடுநின்று பேசும். ஆதலின், பயிலரங்கும் ஊர் காணலும் பிரியாது அமைந்த பயணமே மாணவர்க்கு உரிய பயணமாகும்.