தீவனத்தில் எண்ணெய்: தாணே தரும் எச்சரிக்கை

மும்பைத் துறைமுகத்தை ஒட்டிய கடலில், 2010 ஆகஸ்ட் 7-ம் தேதி எம்.எஸ்.சி. சித்ரா, கலீஜியா-3 ஆகிய சரக்குக் கப்பல்கள் மோதிக்கொண்டன. சுமார் 800 டன் எண்ணெய் கடலில் கலந்தது. அலையாத்திக் காடுகளில் எண்ணெய் படிந்தது. மீன்பிடித் தொழில் முடங்கியது. நீர் தெளிந்ததும் விபத்து மறக்கப்பட்டது.

ஆனால், எண்ணெயின் கனமான பகுதி சேற்றில் தங்கிவிடக்கூடியது. 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற தாணே கடற்கழி, வடக்கே செல்லச் செல்லக் குறுகுவது. அங்கு சேரும் கழிவு எளிதில் கடலுக்குத் திரும்பாது. சேற்றுப் புழுக்களைத் தின்னும் பொடி மீன்கள் வழியே மாசு உணவுச் சங்கிலியில் ஏறுகிறது. கடலோரங்களில் பிடிபடும் பொடி மீன்கள், கழிசல் மீனாக நண்டு, கொடுவாப் பண்ணைகளுக்குத் தீவனமாகின்றன, மீன்தூளாகவும் அரைக்கப்படுகின்றன. கடலில் நேர்ந்த விபத்து, தொலைவிலுள்ள குளத்தையும் எட்டக்கூடும்.

எண்ணெய் கலந்த தீவனத்தைத் தின்னும் மீன் பெரும்பாலும் உடனே சாவதில்லை. மாசைக் கல்லீரல் சிதைத்துப் பித்தநீர் வழியே வெளியேற்றுகிறது. அப்போது உருவாகும் சில வேதிப்பொருள்கள் மரபணுவையே சேதப்படுத்த வல்லவை. கல்லீரல் பழுதுபடுகிறது, வளர்ச்சி குன்றுகிறது, நோய் எதிர்ப்புத் திறன் குறைகிறது. சதையை மட்டும் சோதித்தால் மீன் தூயதாகவே தோன்றலாம்.

பெல்ஜியத்தில் 1999-ல் மின்மாற்றி எண்ணெய் கலந்த கொழுப்பு கோழித் தீவனத்தில் சேர்ந்து பெரும் நெருக்கடியை உண்டாக்கியது. 2002-ல் ஐரோப்பிய ஒன்றியம், தீவனத்திலுள்ள நச்சுப் பொருள்களுக்கு உச்சவரம்பு விதிக்கும் ஆணையைக் கொண்டுவந்தது.

எண்ணூரில் 2023 டிசம்பரில் எண்ணெய் கசிந்தபோது, பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்குத் தலா ரூ. 12,500 நிவாரணம் அறிவிக்கப்பட்டது. அது இழந்த வேலை நாள்களுக்கான தொகை. மாதங்கள் கழித்துப் பண்ணையில் மீன்கள் மெலிந்தால், எண்ணெயே காரணம் என்று விவசாயி எப்படி நிரூபிப்பார்? சோதனை முடிவு இல்லாதவரை, மாசுபடுத்தியவர் தப்பிவிடுவார்.

ஏற்றுமதி இறாலில் நுண்ணுயிர்க்கொல்லி எச்சத்தைத் தேடும் அக்கறை, தீவனத்திலுள்ள எண்ணெய் மாசின் மீதும் திரும்ப வேண்டும். ஒவ்வொரு கசிவுக்குப் பிறகும் குறைந்தது ஓராண்டுக்கு மீனின் கல்லீரலும் பித்தநீரும் தீவனமும் சோதிக்கப்பட்டு, முடிவுகள் வெளியிடப்பட வேண்டும். 2005-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் இதற்கு முன்கை எடுக்கலாம். கடல் தெளிந்துவிட்டது என்பதால் மீன் நலமாக இருக்கிறது என்று ஆகிவிடாது.