யாரும் உறங்காத ரோஜா

சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில், ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஒரு பாறைமேட்டின் மீது ராரோன் ஊரின் பழைய தேவாலயம் நிற்கிறது. அதன் வெளிச்சுவரை ஒட்டி, ஜெர்மன் மொழியின் பெருங்கவிஞர் ரைனர் மரியா ரில்கேயின் கல்லறை இருக்கிறது. குடும்பச் சின்னம், பெயர், அவரே எழுதி வைத்த மூன்று சிறிய வரிகள்: கல்லில் இருப்பது இவ்வளவே. அந்த வரிகள் வருவோரிடம் பேசவில்லை, ஒரு ரோஜாவிடம் பேசுகின்றன. இதழ்களெல்லாம் மூடிய இமைகள். ஆனால் அவற்றுக்கடியில் உறங்குபவர் எவருமில்லை. இது முரண்தான், ஆனந்தமும்தான் என்பது அவற்றின் சாரம்.

இந்த வரிகளோடு ஒரு கதையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோழி ஒருத்திக்காக ரோஜா பறித்தபோது முள் குத்தியது, அந்தக் காயமே கவிஞரைக் கொன்றது, அதனால்தான் கல்லில் ரோஜா என்பார்கள். முள் குத்தியதும் கையில் சீழ் பிடித்ததும் 1926 இலையுதிர் காலத்தில் நடந்தவை. ஆனால் அந்த ஆண்டு டிசம்பர் 29 அன்று அவர் உயிரைப் பறித்தது ரத்தப் புற்றுநோய். கல்லறை வரிகளை உள்ளடக்கிய உயிலோ 1925 அக்டோபர் 27 அன்றே எழுதப்பட்டுவிட்டது. ஆகவே முள்ளை விட்டுவிட்டு இதழ்களைப் பார்ப்பதே நல்லது.

கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் உறக்கம் என்பதற்கு நெடுநாளாக ஒரு பொருள் உண்டு. இறந்தவர் ஆண்டவரில் துயில்கிறார், கடைசி நாளில் எழுவார். ரோஜாவும் அங்கே வேற்றாள் அல்ல; மாதாவுக்குரிய மலர் அது. இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் சொர்க்கத்தின் உச்சியையே ஒரு மாபெரும் வெண்ரோஜாவாகக் கண்டார், முக்தியடைந்த ஆன்மாக்கள் அதன் இதழ்வரிசைகளில் அமர்ந்திருக்கிறார்கள். கத்தோலிக்கக் குடும்பத்தில், பக்தி மிகுந்த தாயிடம் வளர்ந்த ரில்கேவுக்கு இந்தச் சின்னங்கள் புதியவை அல்ல. அவர் இரண்டையும் எடுத்துக்கொண்டார், உள்ளே இருந்தவரை மட்டும் அகற்றிவிட்டார். தாந்தேயின் ரோஜாவில் ஏறத்தாழ எல்லா இடங்களிலும் ஆன்மாக்கள். இவருடைய ரோஜாவில் ஒருவருமில்லை.

இதை நாத்திகம் என்று சட்டென்று முத்திரை குத்திவிடலாம். தனக்கு நினைவு தப்பினாலும் பாதிரியாரை அருகே விட வேண்டாம் என்று உயிலில் அவர் கேட்டுக்கொண்டது அதற்கு ஆதாரமாகவும் தோன்றும். அதே உயிலில்தான் ராரோன் தேவாலயத்துக்குப் பக்கத்தில் புதைக்கும்படியும் கேட்டார். அவர் மறுத்தது புனிதத்தை அல்ல, தனக்கும் புனிதத்துக்கும் இடையே நிற்கும் தரகரை என்பதே என் வாசிப்பு.

இதழை இமையாகப் பார்ப்பது கடைசிக் காலத்தில் தோன்றிய எண்ணமும் அல்ல. 1907இல் வந்த 'புதிய கவிதைகள்' தொகுப்பின் முடிவில், ஒரு கிண்ணத்தில் இருக்கும் ரோஜாக்களைப் பற்றிய நீண்ட கவிதை இருக்கிறது. அங்கும் ஒரு இதழ் இமைபோலத் திறக்கிறது, அதனடியில் மேலும் மேலும் மூடிய இமைகள். ஆனால் அங்கே அந்த இமைகளுக்கு ஒரு வேலை இருந்தது. உள்ளே இருக்கும் ஏதோ ஒரு பார்வையின் வலிமையை அவை மூடித் தணித்து வைத்திருந்தன. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, கல்லறைக்காக எழுதும்போது, அந்த உள்பார்வையும் போய்விட்டது. இமைகள் எதையும் காக்கவில்லை, மறைக்கவில்லை. உறக்கம் இருக்கிறது, அதற்குச் சொந்தக்காரர் இல்லை. முரண் என்று அவர் சொல்வது இதைத்தான். வெங்காயத்தை உரித்து உரித்துக் கடைசியில் ஒன்றுமில்லை என்று சலித்துக்கொள்கிறோமே, அந்தச் சலிப்பு இங்கே இல்லை, ஒன்றுமில்லாததே மகிழ்ச்சியாகிவிடுகிறது. கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

ஏன் மகிழ்ச்சி? உயில் எழுதிய சில வாரங்களில், தன் போலிஷ் மொழிபெயர்ப்பாளர் விடோல்ட் ஹுலேவிச்சுக்கு ரில்கே ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தன் 'டுயினோ இரங்கற்பாக்கள்' கவிதைகளை விளக்கும் கடிதம் அது. மரணம் வாழ்வுக்கு எதிரி அல்ல, நம் பக்கம் திரும்பாத, நம்மால் ஒளியேற்றப்படாத வாழ்வின் மறுபுறம் என்று அதில் சொல்கிறார். உயிரோடிருப்பவரும் இறந்தவரும் வாழ்வது ஒரே பெரிய வெளியில்தான் என்றால், 'இங்கே இன்னார் உறங்குகிறார்' என்று கல்லில் பொறிப்பது அவரை ஒரு பக்கத்தில் பூட்டி வைப்பதாகும். எவருடைய உறக்கமும் அல்ல என்று எழுதிவிட்டால் அந்தப் பூட்டு இல்லை.

நம்மில் பலருக்கு உடனே பௌத்தத்தின் சூனியமும் அத்வைதமும் நினைவுக்கு வரும். பௌத்தத்தோடு ஒரு மெய்யான தொடர்பும் உண்டு. சிற்பி ரொதானுடன் பாரிஸை அடுத்த மெதோனில் தங்கியிருந்த நாட்களில் தோட்டத்துப் புத்தர் சிலையைப் பார்த்துப் பார்த்து, ரில்கே புத்தரைப் பற்றி மூன்று கவிதைகள் எழுதினார். அவற்றில் ஒன்று, 'புதிய கவிதைகள்' இரண்டாம் பகுதியாக 1908இல் வந்த தொகுப்பின் கடைசிக் கவிதை. இருந்தாலும் அவரைப் பௌத்தராக்குவது, ரோஜாவைக் கண்டதும் மாதாவின் பக்தராக்குவதைப் போன்ற அவசரம்தான். பௌத்தத்தில் 'நான்' கரைவது பற்றிலிருந்து விடுபடும் வழி. ரில்கேயின் ரோஜா எதிலிருந்தும் விடுபடவில்லை. நிறம், மணம், இதழ் என்று இந்த மண்ணின் இன்பம் முழுவதையும் வைத்துக்கொண்டே அது யாருக்கும் சொந்தமில்லாமல் இருக்கிறது.