தடை மட்டும் போதாது

கோலிஸ்டின் மருந்தைக் கோழிகளுக்கும் கால்நடைகளுக்கும் பயன்படுத்த மத்திய அரசு 2019 ஜூலையில் தடை விதித்தது. வேறு மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமிகள் தாக்கிய நோயாளிகளுக்கு அதுவே கடைசிப் புகல். எனவே தடை நியாயமானதே. ஆனால், தடை மட்டும் போதாது.

நோய் வந்தபின் மட்டுமன்றி, வந்துவிடுமோ என்ற அச்சத்திலும் பண்ணைகளில் மருந்து கொடுக்கப்படுகிறது. சில கோழிகள் சோர்ந்தால், கொட்டகை முழுவதற்கும் குடிநீரில் மருந்து கலக்கிறார்கள். கடன் வாங்கிப் பண்ணை நடத்துபவரின் அச்சத்தைக் குறைகூறுவதற்கில்லை. அதைப் போக்க வழி காண வேண்டும்.

நோயுறும் கோழி தண்ணீரையும் தீனியையும் குறைத்துக்கொள்ளும். கொட்டகையின் தண்ணீர்ச் செலவு, வெப்பம், அம்மோனியா ஆகியவற்றை அளந்து, மாறுதல் கண்டதும் கைப்பேசிக்குத் தகவல் தரும் கருவிகள் இன்று உள்ளன. காற்றோட்டத்தைச் சரிசெய்தால் தீரும் கோளாறுக்கு மருந்து எதற்கு?

கருவி எச்சரிக்கத்தான் செய்யும். நோயைக் கண்டறிய மருத்துவர் வேண்டும். சிறு பண்ணையாளர்களுக்குக் கருவி வாங்க மானியமும், அழைத்தவுடன் கால்நடை மருத்துவரின் ஆலோசனையும் கிடைக்க வேண்டும். நாமக்கல் முட்டை பெங்களூருச் சந்தைக்கும் வருகிறது. ஆகவே, இதில் தமிழக, கர்நாடக அரசுகள் இரண்டுமே அக்கறை காட்டுவது அவசியம்.