இரண்டு கிலோவுக்கு எத்தனை செகண்டு?



கைக்கு அடக்கமான ஒரு இரும்புத் துண்டு. அதில் நாலு துளை போட்டவன் நான்தான். இந்தக் கட்டுரையை எழுத எனக்குள்ள தகுதி அவ்வளவே.

எங்கள் செட் பசங்க ஐந்து பேர் சேர்ந்து, பெருங்களத்தூரில் ஒரு வீட்டுக் கொல்லையில் கோழி அடைந்து கிடந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரை வாங்கினோம். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் கால் மைல், அதாவது 402 மீட்டர், நேர் ஓட்டம் ஓட்ட வேண்டும் என்பது கனவு. ஹெரால்டுக்கும் நம்ம ஏரியாவுக்கும் உள்ள உறவு பல பேருக்குத் தெரியாது. 1961-ல் இருந்து அந்தக் காரைச் செய்தது வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை. 1988-ல் அங்கே கார் உற்பத்தி நின்றது. தாம்பரம் பக்கம் நாலு பெரியவர்களிடம் பேசினால் ஒருவராவது "நான் அங்கே ஷிப்ட் பார்த்தவன்" என்பார்.

ஃபியட் பழைய வகை ஸ்டீயரிங் பாக்ஸோடு ஓடிய காலத்தில், ஹெரால்டில் ரேக் அண்ட் பினியன்! சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். அப்படிப்பட்ட ஸ்டீயரிங்கைத்தான் நாங்கள் "இளைக்க வைக்க" கிளம்பினோம்.

பின் சீட்டு, கார்ப்பெட், பம்பர் எல்லாம் கழற்றியாச்சு. அடுத்து என்ன? "ரேஸ் கார்ல எல்லாத்துலயும் ஓட்டை போட்டிருப்பான் மச்சி, படத்துல பாத்ததில்லையா?" என்றான் ஒருத்தன். நான் ஸ்டீயரிங் ஆர்மைக் கழற்றி ஒர்க்‌ஷாப் டிரில்லிங் மெஷினில் வைத்தேன்.

கிரவுண்டில் ட்ரையல். வேகம் சைக்கிளை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். மூன்றாவது ரவுண்டில் ஓட்டினவன் வலது பக்கம் ஒடித்தான். ஒரு சக்கரம் கேட்டது, இன்னொன்று கேட்கவில்லை. வேப்பமரத்துக்குப் பத்தடி முன்னால் வண்டி நின்றது. இறங்கிப் பார்த்தால் ஆர்ம் இரண்டாவது துளையில் வாய் பிளந்திருந்தது. அன்றைக்கு யாரும் டீ கூடக் குடிக்கவில்லை.

ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பரீட்சையில் துளை பற்றி எழுதி மார்க் வாங்கினவன்தான் நான். இழுவிசையில் உள்ள தகட்டில் ஒரு வட்டத் துளை போட்டால், துளையின் ஓரத்தில் தகைவு ஏறத்தாழ மூன்று மடங்கு. ஸ்டீயரிங் ஆர்மோ ஒவ்வொரு பள்ளத்திலும் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று மாறி மாறி வளைகிறது. டிரில் விட்ட பிசிறு ஒன்று போதும், விரிசல் அங்கிருந்து கிளம்பிவிடும். பேப்பரில் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை.

சரி, அப்படி எவ்வளவு மிச்சம் பிடித்தோம்? ஸ்டீயரிங் முழுக்க இழைத்தாலும் இரண்டு கிலோ தேறும். ஹெரால்டு எடை சுமார் 800 கிலோ. நேர் ஓட்டத்தில் நேரம், எடையின் கனமூலத்தை ஒட்டிக் குறையும் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் இருபது செகண்டு எடுக்கும் கார் மிச்சம் பிடிப்பது ஒரு செகண்டில் அறுபதில் ஒரு பங்கு! எங்கள் டிரைவர் ஒரு மாதம் ராத்திரி பரோட்டாவை விட்டால் அதைவிட அதிகம் கிடைக்கும். (விட மாட்டான்.)

"முன்பக்கம் இலேசானால் பின் டயர் நல்லாப் பிடிக்கும்ல?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு பானெட்டுக்குள் இருக்கும் பேட்டரியை டிக்கிக்கு மாற்றினால் போதும். பத்து கிலோவுக்கு மேல் ஒரே சாயங்காலத்தில் பின்னால் போய்விடும்.

அதற்காக ஸ்டீயரிங்கில் எதையுமே தொடக் கூடாது என்று சொல்லவில்லை. முறுக்கு மட்டும் தாங்கும் 20 மி.மீ. கம்பியின் நடுவே 12 மி.மீ. துளை இருந்தால் எடை 36 சதவீதம் குறையும், முறுக்கு வலிமை 13 சதவீதம்தான் குறையும். ஆகவே ஸ்டீயரிங் ஷாஃப்ட்டுக்கு நல்ல ஸ்டீல் குழாய் தாராளமாகப் போடலாம். ஸ்டீயரிங் வீலையும் இலேசாக மாற்றலாம். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: ஹெரால்டின் ஸ்டீயரிங் காலம், மோதினால் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து சுருங்கும்படி செய்யப்பட்டது. அந்த இடத்தில் ஒரே நீளக் குழாயை வெல்டிங் வைத்தால், அது ஓட்டுபவன் நெஞ்சுக்கு நேராக நீட்டிய ஈட்டிதான்.

இன்னொரு ஆசை, புதுப்பேட்டையில் கிடைக்கும் மாருதி 800 ரேக். கையில் தூக்கிப் பார்த்து "சூப்பரா இருக்குடா, வெயிட்டே இல்ல" என்றார்கள். டிராக் ரேஸில் கிளட்சை விட்டதும் வண்டியின் மூக்கு தூக்கும், கியர் மாற்றும்போது விழும். அப்போது டை ராட் ஒரு வட்டத்தில் ஆடுகிறது, சஸ்பென்ஷன் ஆர்ம் வேறொரு வட்டத்தில் ஆடுகிறது. ரேக்கின் நீளமும் உயரமும் அந்த சஸ்பென்ஷனுக்குப் பொருந்தாவிட்டால், ஸ்டீயரிங்கை யாரும் தொடாமலே சக்கரம் திரும்பும். பம்ப் ஸ்டீர் என்பது இதுதான். ஹெரால்டு ரேக்கையே வைத்துக்கொண்டு, அதைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்ஷுக்குப் பதிலாக அலுமினியக் கட்டை போட்டால் ஸ்டீயரிங் எவ்வளவோ துல்லியமாகும். எடை குறையாதுதான். பரவாயில்லை!

1951-ல் தொடங்கிய அமெரிக்காவின் என்.எச்.ஆர்.ஏ., டிராக் ரேஸுக்கென்றே உள்ள சங்கம். அவர்கள் விதியைப் பார்த்தால் ஸ்டீயரிங்கில் வெல்டிங் செய்த இடத்துக்குக் கண்ணில் தெரியும்படி கூடுதல் பலம் கொடுக்கச் சொல்கிறார்கள். ராட் எண்டில் பேரிங் கழன்று வராதபடி அகலமான வாஷர் போடச் சொல்கிறார்கள். எடைக்காக உயிரைக் கொடுக்கும் அவர்களே இந்த இடத்தில் எடையைக் கூட்டுகிறார்கள், பார்த்தீர்களா!

இப்போது பல்லாவரத்து மெக்கானிக் ஒருவரிடம் துளை இல்லாத பழைய ஆர்ம் ஜோடி வாங்கி, லேபில் டை பெனட்ரன்ட் டெஸ்ட் செய்து, விரிசல் இல்லை என்று பார்த்த பிறகே மாட்டியிருக்கிறோம். டை ராட் எண்ட் இரண்டும் புதுசு. வண்டி நன்றாகத்தான் திரும்புகிறது. ஆனாலும் எங்கள் டிரைவர் ஒவ்வொரு தடவையும் சாவி போடுவதற்கு முன் என்னைத் திரும்பிப் பார்த்து ஒரே கேள்வி கேட்கிறான்:

"டேய், ஆர்ம்ல நீ ஒண்ணும் பண்ணலயே?"

- மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல்