பொதுவியலும் குறிச்சொல்லும்

கணினி நிரலைப்பற்றித் தமிழாசிரியர் எழுதப் புகுவதேன் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். நன்னூலார் பெயரியலையும் வினையியலையும் கூறியபின், பொதுச்செய்திகளை ஈரிடத்தும் கூறிப் பெருக்காது பொதுவியல் என ஓரியலில் வகுத்தார். அதே இடர்ப்பாடு ஜாவா நிரலாளர்க்கும் நேர்ந்தது. அவர் கண்ட வழியையே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தோம்.

பெரிய மென்பொருளில் ‘மெதட்’ எனப்படும் செயன்முறைகள் ஆயிரக்கணக்கில் உள. கேட்பவர்க்கு உரிமையுண்டா என நோக்கல், நடந்ததைப் பதிந்துவைத்தல் முதலியன அவற்றுட் பலவற்றிலும் மீண்டும் மீண்டும் வரும். இவற்றைப் பிரித்துத் தனிக் ‘கூறு’களாக எழுதும் முறையைச் செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ற்றோ ஆய்வுநிலையத்தார் 1997 இல் வெளியிட்டனர். எச்செயன்முறைக்கு எக்கூறு என்பதை முன்னர்ப் பெரும்பாலும் பெயர்கொண்டே சுட்டினர். பெயரை ஒருவர் மாற்றினால் விதி ஓசையின்றி நழுவும். 2004 இல் வந்த ஜாவா ஐந்தாம் பதிப்போ, செயன்முறையின் தலையிலேயே ‘@’ அடையாளமிட்டுக் குறிச்சொல் எழுத இடந்தந்தது. குறி உள்ளவிடத்துக் கூறு செல்லும். இது பெருநன்மையே.

ஒஸ்லோப் பல்கலைக்கழகத்தார் முன்னின்று ஆக்கிய டி.எச்.ஐ.எஸ். 2 என்னும் சுகாதாரத் தகவல் மென்பொருள் ஜாவாவால் ஆயது. 2020 இல் கொரோனாத் தொற்றை முன்னிட்டு, நாட்டினுள் வரும் பயணிகளைப் பதிந்து கண்காணிக்க இலங்கை அதனைக் கையாண்டது. அதன் நிரலில் ‘@டிரான்சக்சனல்’ என்னும் குறியைப் பலவிடத்துங் காணலாம். பல பதிவுகளை ஒருங்கே எழுதுகையில் இடையிற் பிழை நேரின், அரைகுறையாய் நில்லாது யாவும் பழைய நிலைக்கு மீளுதற்கு அக்குறி இடப்படுகின்றது.

ஆயினும் குறி தானாக ஒன்றும் செய்வதில்லை. அது சீட்டு மட்டுமே. ‘ஸ்பிரிங்’ என்னும் சட்டகம் பதிலாள் ஒருவனை வாயிலில் நிறுத்துகின்றது. அவனே சீட்டைப் படித்துக் கடமையாற்றுவான். வீட்டினுள்ளேயே அறைவிட்டு அறை செல்வாரை அவன் காணான். அவ்வாறே, ஒரு வகுப்பினுள் ஒரு செயன்முறை தன் உடன்பிறந்த செயன்முறையை நேரே அழைப்பின், சீட்டு இருந்தும் பயனில்லை. பிழையென எச்சரிப்பாரும் இலர்.

இனி, தோட்டச் சம்பளக் கணக்குக்கு நிரல் எழுதுவதாகக் கொள்வோம். கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’ விழுதல் யாதென நம் வாசகர்க்கு உரைக்க வேண்டா. செயன்முறை தரும் விடையையே மாற்றித் திருப்பவும் கூறு வல்லது. ஆகவே அரைப்பேர் விதியைக் குறியொன்றின் பின்னே மறைத்துவைப்பின், கணக்கை வாசிப்பவர் முழுப்பேரையே காண்பார். கொழுந்தெடுத்த பெண்ணின் கையில் பாதியே சேரும். ஏன் என்று அவள் கேட்டால் விடைகூற வேண்டிய எழுதுவினைஞர்க்கும் காரணம் கட்புலனாகாது. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழித்தல் அனைவர்க்கும் பொதுவாதலின் அதனையேனும் கூறாக்கலாமே என்பாருமுளர். யாம் உடன்படோம். உரிமை நோக்கலும் பதிவிடலும் கூலிக்குப் புறம்பானவை. கழிவோ கூலிக்கணக்கின் பொருளே. அது வரிவரியாய் வெளிப்பட நிற்றல் வேண்டும்.

நம் மாணவர்க்கு நிரலாக்கம் புகட்ட முன்வரும் பழைய மாணவர், குறிச்சொல்லைக் காட்டுமுன் அப்பதிலாளை மாணவர் தங்கையாலேயே ஒருமுறை எழுதச் செய்வாராக. அதற்கு வேண்டிய ‘புறொக்சி’ வகுப்பு 2000 ஆம் ஆண்டு முதலே ஜாவாவில் உண்டு. ஒரு பிற்பகற் பாடவேளை போதும்.