மூடியின் பிழையும் முறையீட்டின் கடமையும்

விற்ற பொருளிற் பிழை கண்ட நிறுவனம், அதனை மீளப் பெறுவதாக ஊரறியச் சாற்றுதல் இக்கால வாணிக வழக்கங்களுள் ஒன்று. அதனை நிறுவனத்தின் நேர்மை எனப் போற்றுவாரும், அதன் இழுக்கு எனத் தூற்றுவாரும் உளர். இவ்விரு சாராரும் மறந்துவிடும் மூன்றாமவர் ஒருவர் உண்டு. சூடுபட்ட கையோடு வாளாவிராது, நிகழ்ந்ததை எடுத்துரைத்து முறையிட்டவரே அவர். அவர் பொருட்டே யான் இதனை எழுதுகின்றேன்.

2024ஆம் ஆண்டு திசெம்பர் 12ஆந் திகதி, அமெரிக்காவில் ஸ்டான்லி என்னும் பெயர்பெற்ற நிறுவனத்தின் மூடிக் கோப்பைகளுள் ‘ஸ்விச்பாக்’, ‘ட்ரிகர் அக்‌ஷன்’ என்னும் இரு வகையின மீளப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. வழிச்செல்வோர் சுடுபானம் எடுத்துச் செல்லுதற்காம் கோப்பைகள் இவை. 2016 யூன் முதல் 2024 திசெம்பர் வரை அந்நாட்டில் விற்பனையானவை ஏறத்தாழ 26 இலட்சம். பிழை கலத்தின் உடலில் இல்லை; மூடியிலேயே இருந்தது. வெப்பமும் திருகும் விசையும் சேர்ந்து தாக்க, மூடியின் திருகுபுரிகள் சுருங்கும். அங்ஙனஞ் சுருங்கிய மூடி, கோப்பையைக் கையாளும்போது கழன்றுவிடக் கூடும். உலகெங்கணுமிருந்து 91 முறையீடுகள் வந்திருந்தன. சூட்டுப்புண் பட்டோர் 38 பேர். அவருள் 11 பேர் மருத்துவரை நாட வேண்டியவராயினர். பரிகாரமாக நிறுவனம் வழங்க முன்வந்தது விலையின்றி ஒரு மாற்று மூடி.

இத்தகைய கலத்தின் இயல்பை ஈண்டுச் சிறிது நோக்குதல் வேண்டும். நம் முன்னோர் கையாண்ட மூக்குப்பேணியிற் சுடுபானம் வார்த்தால், அதன் வெம்மையை விரல் உடனே உணரும். குடிப்பவர் தாமே ஆற்றிக் குடிப்பர். இரட்டைச் சுவர்களுக்கிடையே காற்றகற்றிய இக்காலக் கோப்பையோ உள்ளிருக்கும் வெம்மையைக் கைக்கு அறிவிப்பதில்லை. அறிவியாமையே அதன் சிறப்பு. அதன்பொருட்டே மக்கள் அதனை வாங்குகின்றனர். ஆதலின் அக்கலத்தைக் கையாள்பவருக்கு மூடியன்றி வேறு காவல் இல்லை. எச்சரிக்கை தராத கலத்தின் மூடி, எச்சரிக்கை தரும் கலத்தின் மூடியினும் பன்மடங்கு உறுதியுடையதாதல் வேண்டுமன்றோ?

26 இலட்சம் கலங்கள் விற்ற அமெரிக்காவில் எழுந்த முறையீடுகள் 16 மட்டுமே. இஃது ஒரு பொருட்டா என வினவுவார் இருக்கலாம். அவர்க்கு யான் கூறும் விடை இது: அவ்வெண் வாய் திறந்தவரின் தொகையே, கழன்ற மூடிகளின் தொகை அன்று. பானம் சிந்திக் கை வெந்தவர் முதலிற் கூறுவது யாது? “மூடியை நன்றாகத் திருகவில்லைப் போலும்”, “கை தவறிவிட்டது” என்பனவேயாம். வகுப்பறையில் மேசை ஆடித் தண்ணீர்ப் போத்தல் விழுந்தாலும், அதனை வைத்த மாணாக்கனையே ஆசிரியர் பலர் கடிந்துகொள்ளக் கண்டிருக்கின்றேன். மேசையின் காலைக் குனிந்து பார்ப்பவர் அரியர். அங்ஙனம் வளர்ந்த பிள்ளை, முதியவனான பின்னும் பொருளின் பிழையைத் தன் பிழையாக ஏற்றுக்கொள்கின்றான். அவனது அடக்கம் நற்குணமே; ஆயினும் அவன் மௌனத்தால் அடுத்த வீட்டுக் கையும் வேகின்றது.

வாய் திறந்தால் விளையும் நன்மைக்கு அதே 2024ஆம் ஆண்டிலேயே சான்று உண்டு. நெஸ்லே நிறுவனம் ஸ்டார்பக்ஸ் பெயர் பொறித்த, உலோகப் பூச்சுடைய கோப்பைகளை 2023 நவம்பர் முதல் 2024 சனவரி வரை அமெரிக்காவில் விற்றது. நுண்ணலை அடுப்பில் வைத்தாலோ மிகச் சூடான பானத்தை வார்த்தாலோ அவை மிகையாய்ச் சூடேறவும் உடையவுங் கூடும் என்பது தெரிந்தது. அதுபற்றி எழுந்த முறையீடுகள் 12. அவற்றின் பின், 2024 மார்ச்சு மாதத்திலேயே ஏறத்தாழ 4,40,500 கோப்பைகள் மீட்புக்குள்ளாயின. பன்னிரண்டு முறையீடுகள் இலட்சக்கணக்கான இல்லங்களுக்குக் காவலாயின.

அந்நாட்டில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த நுகர்பொருட் பாதுகாப்பு ஆணைக்குழு உண்டு. பெருந்தீங்கு விளைக்கத்தக்க பிழை தெரியவரின் நிறுவனம் அதனை அவ்வாணைக்குழுவுக்குத் தாமதமின்றி அறிவித்தல் கடன். 2011 முதல் மக்கள் தாமே முறையிடவும், பிறர் அவற்றைப் படிக்கவும் பொதுப்பதிவு ஒன்றும் உளது. நம் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்வழிப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை நிறுவப்பட்டது. எனினும் சட்டமும் சபையும் எத்துணைச் சிறந்தனவாயினும், முறையிடுவார் இல்லையேல் அவை செயற்படுதல் அரிது.

ஆகவே நிறுவனங்களுக்கு யான் கூறுவது: முறையிட வருபவரை “கவனமாகக் கையாண்டீரா?” என்று வினவி வாயடைக்கற்க. முதல் முறையீட்டிலேயே பொருளை ஆராய்க. வாங்குவோர்க்குக் கூறுவது: சூடுபட்டால் மருந்திடுக, அதன்பின் கலத்தை எறிந்துவிடாது எடுத்துவைத்து, விற்றவருக்கும் உரிய சபைக்கும் எழுதுக. எழுதுவோன் தன் நட்டத்திற்கு ஈடு கேட்கின்றான் என்று பிறர் எண்ணினும் எண்ணுக. இன்னும் கலம் வாங்காத ஒருவரின் கையை அவன் காக்கின்றான்.