ஆளுக்கு ஒரு துண்டு!

1971. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள ஆஸ்டின் நகரம். வெள்ளையர், கறுப்பர், மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தார்களே தவிர, ஒட்டவில்லை. பள்ளிகளில் அடிதடி.

வகுப்பைக் கவனிக்க வந்த உளவியல் பேராசிரியர் எலியட் ஆரன்சனுக்குக் காரணம் புரிந்தது. டீச்சர் கேள்வி கேட்டதும் கைகள் போட்டி போட்டு உயர்ந்தன. ஒருவன் தப்பாகச் சொன்னால் மற்றவர்களுக்குக் கொண்டாட்டம். ஆங்கிலம் தடுமாறும் பிள்ளை வாயே திறப்பதில்லை.

ஆரன்சன் குழுவினர் பிள்ளைகளை ஐந்தாறு பேராகப் பிரித்தார்கள். எலினார் ரூஸ்வெல்ட்டின் வாழ்க்கைதான் பாடமென்றால், அதைத் துண்டாக்கி ஆளுக்கு ஒன்று. ஒரே துண்டு கிடைத்தவர்கள் முதலில் கூடிப் பேசித் தயாராவார்கள். பிறகு தங்கள் குழுவுக்குத் திரும்பி, மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். தேர்வு தனித்தனியாக, முழுப் பாடத்துக்கும்!

இப்போது தடுமாறுகிறவனைக் கேலி செய்தால் நஷ்டம் யாருக்கு? அவன் துண்டு வேறு யாரிடமும் இல்லையே! பொறுமையாகக் கேட்டு, அவனிடமிருந்து விஷயத்தை வாங்கப் பழகினார்கள். சில வாரங்களில் வெறுப்பு குறைந்தது. பின்தங்கிய பிள்ளைகளின் மதிப்பெண்ணும் கூடியது. இதுதான் 'ஜிக்சா' முறை.

'குரூப் ஸ்டடி' என்றால் ஒருவர் படிக்க, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பது பல வீடுகளில் வழக்கம். அடுத்த முறை பாடத்தைப் பங்கு போட்டுக் கொடுத்துப் பாருங்கள். கூச்ச சுபாவமுள்ள பிள்ளையிடமும் ஒரு பங்கு இருக்கட்டும். அது பேசும்வரை மற்றவர்கள் காத்திருப்பார்கள்.